காதுகுத்து பேனர்

ஒரத்தநாடு கடைவீதியில் இளையபெருமாள் அண்ணனின் ஃப்ளெக்ஸ் கடையில் ஏழு வருஷமாக டிசைன் வேலை பார்க்கிறேன். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி. எந்தப் படம் வந்தாலும் முதலில் கம்ப்யூட்டரில் பெரிதாக்கி முகத்தைச் சுத்தம் செய்வேன். பரு, தழும்பு, வேர்வை, ஃப்ளாஷில் சிவந்துபோன கண். செய்யச் சொல்லி யாரும் கேட்பதில்லை. செய்யாவிட்டால்தான் கேட்பார்கள். இறந்தவர்களின் பழைய பாஸ்போர்ட் படங்களில் கண்ணுக்குக் கீழே இருக்கும் கருமையைக்கூட அழித்திருக்கிறேன். வீட்டார் வந்து பார்த்து, "அப்படியே உசுரோட இருக்காருங்க" என்று அழுவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது.

ஆவணி கடைசியில் ஹஃப்ஸா கடைக்கு வந்தாள். கூத்தாநல்லூர்க்காரி. ஒரு கண் மருத்துவமனையில் பார்வை சோதிக்கும் வேலை. ஒரத்தநாட்டில் குழந்தைகளுக்கு இலவச கண் முகாம் நடத்தப்போகிறார்கள், அதற்கு பேனர் வேண்டும். வாசகத்தையும் ஒரு குழந்தையின் படத்தையும் என் போனுக்கு அனுப்பிவிட்டு, அண்ணனோடு அளவு பேசிக்கொண்டிருந்தாள். படத்தில் குழந்தையின் ஒரு கண்மணி சிவப்பாகவும் மற்றது வெள்ளையாகவும் இருந்தது. நான் இரண்டையும் கருப்பாக்கி, சின்னதாக ஒரு ஒளிப்புள்ளியும் வைத்து, வாசகத்தை அடித்து முடித்தேன்.

ஹஃப்ஸா திரையைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

"அய்யோ அக்கா, கண்ண ஏன் கருப்பாக்குனீங்க? அந்த வெள்ளைக்காகத்தானே பேனரே அடிக்கிறோம்!"

"எங்க மேகலா கையில கெடச்சா எமனையே செவப்பாக்கி மாப்பிள்ளையா நிறுத்திடும்" என்றார் அண்ணன்.

"அது ஃப்ளாஷ் கோளாறு இல்லையா?" என்று கேட்டேன்.

"சில நேரம் சும்மாவும் வரும்க்கா. ஆனா ஒரு கண்ணு மட்டும் வெள்ளையா வந்தா உடனே டாக்டர்கிட்ட காட்டிடணும். உள்ள கட்டி இருக்கலாம். மாறுகண்ணு மாதிரி ஒதுங்குனாலும் அதேதான். சீக்கிரம் பாத்துட்டா நிறைய வழி இருக்கு."

செய்த திருத்தங்களை ஒவ்வொன்றாக நீக்கினேன். ஒளிப்புள்ளி போயிற்று. கருப்பு போயிற்று. வெள்ளை திரும்பி வந்தது. நிலா மாதிரி, உள்ளிருந்து மங்கலாக ஒரு வெள்ளை. அதை எனக்குத் தெரியும். என் மகள் அபிநயாவின் இடது கண்ணிலிருந்து தை மாதம் நானே அதை எடுத்திருக்கிறேன்.

அப்போது அவளுக்குப் பதினோரு மாதம். காதுகுத்துக்குப் பத்தடி அகல பேனர் வைக்க வேண்டும் என்று சிங்கப்பூரிலிருந்து என் கணவர் ராஜ்குமார் ஆசைப்பட்டார். லீவு கிடைக்கவில்லை, வர முடியாது, பேனராவது பெரிதாக இருக்கட்டும் என்றார். சாயங்காலம் வீட்டுக்குள் எடுத்த படம். பாப்பா வாயைத் திறந்து சிரிக்கிறாள். அவ்வளவு நல்ல சிரிப்பு வேறு எந்தப் படத்திலும் இல்லை. இடது கண் மட்டும் வெள்ளை.

நான் கவனிக்கவில்லை என்று சொல்ல முடியாது. திரை முழுக்க அந்தக் கண் மட்டும் நிற்கும்படி பெரிதாக்கிப் பார்த்தேன். என் பிள்ளையின் கண்ணை அதுவரை யாரும் அவ்வளவு கிட்டத்தில் பார்த்திருக்க மாட்டார்கள். கை ஒரு கணம் நின்றது. அந்தக் கணத்துக்குத்தான் நான் திரும்பத் திரும்பப் போய்வருகிறேன். அப்போது எனக்கு வந்தது பயம் என்றால் இந்தக் கதையே வேறு. எனக்கு வந்தது கூச்சம். பந்தலில் நாலு பேர் நின்று, "புள்ளைக்குக் கண்ணுல என்னமோ இருக்கு" என்று சொல்லிவிடுவார்களே என்கிற கூச்சம். வலது கண்ணின் சிவப்பை எடுத்தேன். அதை நகல் எடுத்து, திருப்பி, இடது கண்ணின் மேல் வைத்தேன். ஒட்டியது தெரியாமல் ஓரத்தை மெழுகினேன். இரண்டு நிமிஷ வேலை.

பிறகு அந்தக் கண் மூக்குப் பக்கம் ஒதுங்க ஆரம்பித்தபோது, மாறுகண் அதிர்ஷ்டம் என்று பக்கத்து வீட்டு அம்சம் அக்கா சொன்னாள். அதையும் சந்தோஷமாக நம்பினேன்.

முகாம் வரை நான் காத்திருக்கவில்லை. மறுநாளே பாப்பாவை ஹஃப்ஸாவிடம் காட்டினேன். டார்ச்சை அணைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரமே மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

ஸ்கேன் எல்லாம் முடிந்து டாக்டரம்மா கூப்பிட்டபோது ராஜ்குமாரை வீடியோ காலில் வைத்தேன். வேலை நடக்கும் இடத்தில், தலையில் மஞ்சள் ஹெல்மெட்டோடு நின்றார். கண்ணுக்குள் புற்றுக்கட்டி, கண் முழுக்க நிறைந்துவிட்டது, கண்ணை எடுத்தால்தான் உயிருக்குப் பாதுகாப்பு என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எவ்வளவு நாளாக இருக்கிறது என்று கேட்டார்.

"இப்பத்தாங்க மேடம் வந்திருக்கணும்" என்றார் ராஜ்குமார். குரல் உடைந்திருந்தது. "தை மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. மேகலா, நம்ம காதுகுத்து பேனர காட்டு. ரெண்டு கண்ணும் எவ்வளவு அழகா இருக்கு பாருங்க மேடம். தெனம் அதப் பாத்துட்டுத்தான் நான் வேலைக்கே போறேன்."

காட்டினேன். டாக்டரம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். "ஆமா, தெளிவா இருக்கே. அப்படின்னா ரொம்ப வேகமா வளர்ந்திருக்கு" என்று சொல்லி எழுதப் பேனாவைத் திறந்தார்.

அவரை எழுதவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ராஜ்குமார் கடவுளைத் திட்டியிருப்பார், நானும் கூடச் சேர்ந்து திட்டியிருப்பேன். பாப்பா என் மடியில் ஸ்கேன் கவரைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேனா எழுதுவதை வைத்துத்தானே அவளுக்கு மருந்து.

"அந்த இடது கண்ணு நான் வச்சதுங்க டாக்டர்" என்றேன்.

இருவருக்கும் புரியவில்லை. போனில் பழைய படத்தைத் தேடினேன். எங்கெங்கோ போய், கடைசியில் கிடைத்தது. டாக்டரம்மா அதைப் பெரிதாக்கினார். அன்று நான் பெரிதாக்கிப் பார்த்த அதே கண், அதே அளவு.

"அப்பவே இருந்திருக்கு" என்றார் மெதுவாக.

"என்ன நடக்குது அங்க? மேகலா?"

"வெள்ளையா இருந்துச்சுங்க. ஃப்ளாஷ்னு நெனச்சேன். பேனருக்காக மாத்திட்டேன்."

"பாத்தியா?" என்றார் ராஜ்குமார். "பாத்துட்டா அழிச்ச?"

"ம்."

அவருக்குப் பின்னால் எதையோ துளைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு போன் கட் ஆனது.

"அப்பவே கொண்டுவந்திருந்தா கண்ணு இருந்திருக்குமா?" என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன்.

"உறுதியா சொல்ல முடியாதும்மா. அப்ப கட்டி சின்னதா இருந்திருக்கும்" என்றார். பொய் சொல்லவில்லை, திட்டவுமில்லை. திட்டியிருந்தால் பிடித்துக்கொள்ள எனக்கு ஏதாவது இருந்திருக்கும்.

புரட்டாசி முதல் வாரம் கண்ணை எடுத்தார்கள். கட்டி கண்ணைத் தாண்டிப் பரவவில்லை, பிள்ளை பிழைத்துக்கொண்டாள், இனி சோதனைக்கு மட்டும் வந்துகொண்டிருக்க வேண்டும் என்றார்கள். புண் ஆறிய பிறகு செயற்கைக் கண் வைப்பார்களாம். வலது கண்ணைப் பார்த்து அதே மாதிரி வரைவார்களாம். அதைச் சொன்ன நர்ஸ் நான் ஏன் அப்படி அழுதேன் என்று தெரியாமல் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

ராஜ்குமார் தினமும் தன் அப்பாவுக்குப் போன் செய்து மகளைப் பற்றிக் கேட்டார். எனக்குச் செய்யவில்லை.

வீடு திரும்பிய நாலாம் நாள் மாமனார் பஞ்சநதத்துக்குச் சோறு எடுத்துக்கொண்டு நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனேன். குறுவை நெல்லைக் கொட்டிவைத்துவிட்டு எடை போட ஆறு நாளாகக் காத்துக்கிடந்தார். இடுப்பில் பாப்பா, கண்ணில் கட்டு. ஒரு தூறல் போட்டு ஓய்ந்திருந்தது. வரிசையாக நெல் குவியல்கள், மேலே தார்ப்பாய்கள், பழைய கட்சி பேனர்கள். எங்கள் குவியலின் மேல் காதுகுத்து பேனர்.

பத்தடி அகலத்துக்குச் சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டு கண்ணிலும் மழைத்தண்ணீர் தேங்கியிருந்தது.

"பாப்பா!" என்று கையை நீட்டினாள் அபிநயா. "பாப்பா, பாப்பா!"

மாமனார் பதறி எழுந்தார். "வேற படுதா கெடைக்கலம்மா. திடீர்னு இருட்டிக்கிட்டு வந்துச்சு. எடுத்துடவா?"

"எடுக்காதீங்க மாமா. நெல்லு நனஞ்சுடும்."

"திருப்பியாவது போடுறேன்."

ஓரங்களில் வைத்திருந்த செங்கற்களை அவர் ஒவ்வொன்றாக நகர்த்தினார். நான் ஒரு முனையைப் பிடித்தேன். முகம் நெல்லுக்குள் போயிற்று. வெறும் வெள்ளைப் பக்கம் மேலே வந்தது. பாப்பா எங்கே போனாள் என்று பாப்பா எட்டிப் பார்த்தாள்.

அப்போதுதான் போன் அதிர்ந்தது. ராஜ்குமாரின் செய்தி.

"அவ போட்டோ அனுப்பு. எதையும் மாத்தாம அனுப்பு."

அவளைச் செங்கல் மேல் உட்காரவைத்து எடுத்தேன். கட்டின் ஓரத்தில் மஞ்சளாக மருந்துக் கறை. கன்னத்தில் பிளாஸ்டர் ஒட்டிய சிவப்பு. மூக்கில் சளி. என் விரல் பழக்கத்தில் திருத்தும் பொத்தான் வரை போனது. எடுத்தபடியே அனுப்பினேன்.

இரண்டு டிக்கும் நீலமாயின. எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டியது. நின்றது. மறுபடி காட்டியது. மறுபடி நின்றது. தூறல் திரும்ப ஆரம்பிக்கும் வரை பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு பிள்ளையின் கட்டு நனையாமல் முந்தானையால் மூடித் தூக்கிக்கொண்டேன்.