எதிர்மரை

சைக்கிள் வளைவில் திரும்பி மறைந்ததும் செல்லப்பன் கைத்தடியை ஊன்றிக்கொண்டு ஓடப் பார்த்தான். வலது கணுக்காலுக்கு மேல் மாதக்கணக்கில் ஆறாத புண். சுற்றியிருந்த துணியில் நீர் கசிந்து செம்மண் ஒட்டிக்கொண்டது.

கடைசியாகக் கண்ணில் பட்டது அவன் மனைவி வெள்ளையம்மாவின் முதுகு. உட்காரத் தெம்பில்லாத அவளைப் பின்சீட்டில் ஏற்றி, சரிந்துவிடாமல் இருக்க அவளையும் சைக்கிள் ஓட்டுகிற மருதையையும் சேர்த்து ஒரே கயிற்றால் கட்டியிருந்தார்கள். கட்டியது செல்லப்பன்தான். முடிச்சை இறுக்கும்போதே அவள் தலை மருதையின் தோளில் சாய்ந்தது.

'சாயாமல் என்ன செய்வாள்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நடந்தான். பத்தடி போனதும் மறுபடி சொல்லிக்கொண்டான்.

மருதை அவளுடைய அத்தை மகன். கட்டிக்கொள்ளும் உரிமை அவனுக்குத்தான் இருந்தது. ஜொகூர் பாரு டவுனில் சீனர் ஒருவரின் சைக்கிள் கடையில் கிரீஸ் துடைக்கிறவனைவிட, உலு திராம் ரப்பர் தோட்டத்து ஃபேக்டரியில் இஞ்சின் ஓட்டுகிறவன் மேல் என்று அவள் அப்பா செல்லப்பனுக்குக் கொடுத்துவிட்டார். அதன் பிறகு மருதை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. செல்லப்பன் அறிந்து அவன் செய்த குற்றம் அது ஒன்றுதான். வெள்ளையம்மா அவனை 'மச்சான்' என்பாள். கட்டிய புருஷனை 'இந்தாங்க' என்பதோடு சரி.

ஜப்பான்காரன் வந்தான், வெள்ளைக்காரத் துரை ஓடினார், இஞ்சின் நின்றது. செல்லப்பன் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ஒரு பட்டறை வைத்துக்கொண்டான். கடையில் ஆணிகூடக் கிடைக்காத காலம். ரோட்டோரம் எரிந்து கிடந்த ராணுவ லாரியிலிருந்து கழற்றியதை எல்லாம் அறுத்தும் அரத்தால் ராவியும் கதவுக் கீல் செய்தான், விளக்குத் திரிக்குழாய் செய்தான், மரவள்ளி துருவத் தகடு செய்தான். செல்லப்பன் கொட்டகையில் இல்லாத சாமான் சிங்கப்பூரிலும் இல்லை என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அப்படி யாராவது சொல்லும்போது வெள்ளையம்மாவுக்குக் கேட்டிருக்குமா என்று உள்ளே திரும்பிப் பார்ப்பான்.

அவளுக்குக் காலில் தொடங்கிய வீக்கம் தொடைக்கு ஏறியபோது, ஜொகூர் பாரு ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். பஸ் இல்லை. மாட்டு வண்டியை ஜப்பான் பட்டாளம் கொண்டுபோய்விட்டது. சைக்கிள் கடை மூடிப்போய், மருதை இப்போது பக்கத்துத் தோட்டத்தில் மரவள்ளி போட்டுக்கொண்டிருந்தான். அவன் சைக்கிளும் பட்டாளத்தோடு போயிருந்தது. மிஞ்சியது செல்லப்பனின் சைக்கிள். இடது பெடலின் அச்சு முறிந்து கிடந்ததால்தான் அதை விட்டுவைத்திருந்தார்கள்.

இரும்புக்கு அவனிடம் பஞ்சமில்லை. லாரிக் கம்பி ஒன்றை ராவி, திருகுப் புரி போடும் ஃபேக்டரி டையில் மரை வெட்டி, சரியாக ஏறாத பெடலை முடுக்கி மாட்டி ஓட்டிப் பார்த்தான். மிதிக்க மிதிக்க மரை கழன்று, லயத்துக் கோடி தாண்டுவதற்குள் பெடல் கீழே விழுந்தது. மற்றத் திருகாணியெல்லாம் வலப்பக்கம் சுற்றினால் இறுகும். இடது பெடல் மட்டும் இடப்பக்கம் சுற்றினால்தான் இறுகும். எதிர்மரை. அதை வெட்டும் டை அவனிடம் இல்லை.

பாயில் கிடந்தபடி வெள்ளையம்மா சொன்னாள்: "மச்சான்கிட்ட இருக்கும்ங்க. கடையில வேல செஞ்சவருதானே. ஆள் விட்டுக் கேளுங்களேன்."

"எனக்குத் தெரியாத மரையா? நீ பேசாமப் படு."

கம்பியில் நூலை எதிர்ப்பக்கமாகச் சுற்றி, அந்தக் கோட்டிலேயே முக்கோண அரத்தால் ராவினான். ஒரு கம்பி பாழானது. சில நாளில் இரண்டாவதும் பாழானது. கேளுங்களேன் என்று அவள் மறுபடி சொல்லவில்லை. அரத்தின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு கிடந்தாள். வீக்கம் முகத்துக்கு ஏறி மூச்சு இழுத்த காலையில்தான், பக்கத்து வீட்டுக் கருப்பாயியை மருதையிடம் அனுப்பினான்.

மருதை டையை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். ஏன் இத்தனை நாள் என்று கேட்கவில்லை. செல்லப்பனின் பட்டறையில், செல்லப்பன் ராவிய கம்பியிலேயே மரை வெட்டினான். அடுப்பில் மரவள்ளி வேகிற நேரம்கூட ஆகவில்லை. பெடல் ஏறி இறுகி நின்றது.

"நீங்க இந்தக் காலோட மிதிக்க முடியாதுண்ணே. நான் கொண்டுபோறேன்" என்றான்.

முடியும் என்று சொல்லத்தான் செல்லப்பன் வாயெடுத்தான். முடியாது.

இப்போது நொண்டி நடந்துகொண்டே, மருதை மாட்டிய பெடல் ரோட்டில் எங்காவது கழன்று கிடக்கிறதா என்று பார்த்தான். சற்று தூரம் போன பிறகுதான் எதைத் தேடுகிறோம் என்பது உறைத்தது. அதற்கப்புறம் தரையைப் பார்க்காமல் நடந்தான்.

மலாய்க்காரர் கிராமமான கம்பத்தைத் தாண்டி, ரப்பர் மரத்தடியில் சைக்கிள் சாத்தியிருந்தது. கயிறு அவிழ்ந்து கிடந்தது. வெள்ளையம்மாவைப் புல்லில் படுக்கவைத்து, தலைக்குத் தன் சட்டையைக் கழற்றி வைத்திருந்தான் மருதை. சற்றுத் தள்ளிக் குந்தியிருந்தான்.

செல்லப்பன் உட்கார்ந்து அவள் தலையைத் தூக்கினான். சட்டையை உருவி அப்பால் வைத்துவிட்டு, தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டான். மூச்சு நின்றிருந்தது. வீங்கிய முகம் இன்னும் சூடாகத்தான் இருந்தது.

"எப்ப?"

"கம்பம் தாண்டுனதும் முதுகுல கனத்துச்சுண்ணே. வெள்ள, வெள்ளன்னு கூப்புட்டேன். பதில் இல்ல."

வெள்ளை. அவளை அப்படிக் கூப்பிடலாம் என்றே செல்லப்பனுக்குத் தோன்றியதில்லை.

"அதுக்கு முந்தி ஏதாச்சும் சொன்னாளா?"

மருதை ரோட்டைப் பார்த்தான். "மெதுவாப் போங்க மச்சான், அவரு பின்னால வர்றாருன்னுச்சு."

"வேற?"

"வேற இல்ல."

செல்லப்பன் அவன் முகத்தையே பார்த்தான். ஆறுதலுக்குச் சொன்ன பொய்யா என்று தெரியவில்லை. பொய்யென்றால் இவன் தனக்கு இரக்கம் காட்டுகிறான். மெய்யென்றால் அவளுடைய கடைசிப் பேச்சு இவன் காதில் விழுந்திருக்கிறது. எது தேவலை என்று அவனால் முடிவுசெய்ய முடியவில்லை.

அவளைச் சைக்கிளில் கிடத்தி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தள்ளிக்கொண்டு திரும்பினார்கள்.

லயத்தில் பெண்கள் குளிப்பாட்டினார்கள். போர்த்தத் துணி இல்லை. அந்த வருஷம் செத்தவர்கள் எல்லாம் கோணிச் சாக்கோடுதான் போனார்கள். கருப்பாயி சாக்கை உதறிக்கொண்டிருந்தபோது, இடையில் எங்கோ போயிருந்த மருதை, நடந்து வந்த வேர்வையோடு வாசலில் நின்றான். கையில் ஒரு சேலை. மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை.

"பொறந்த வீட்டுக் கோடி. அதுக்கு இந்த ஊருல வேற யாரு இருக்கா?" என்றான்.

கருப்பாயி வாங்கிப் பிரித்தாள். மடிப்புகள் பிரிய மறுத்தன. மடிந்த இடமெல்லாம் நிறம் வெளுத்துக் கோடு விழுந்திருந்தது. "தண்ணி படாத புதுத் துணி! இந்தக் காலத்துல ஏதுய்யா? எப்ப வாங்குனது?"

"இருந்துச்சு."

எல்லாரும் செல்லப்பனைப் பார்த்தார்கள். அவன் அந்த வெளுத்த கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். வேண்டாம் என்று சொன்னால் சாக்கு. அவள் தோளில் சாக்கின் முரட்டு இழை படுவதை நினைத்தான்.

"உடுத்துங்க" என்றான்.

உள்ளே போய், கொடியில் மடித்துத் தொங்கிய வேட்டியை எடுத்தான். திருவிழாவுக்கு மட்டும் கட்டுகிற ஒரே வேட்டி. சாக்குக் கால்சட்டையோடு நின்றவன் அதைக் கட்டிக்கொண்டு வருவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அதை அப்படியே கொண்டுவந்து, சேலையின் மேல் கழுத்திலிருந்து கால்வரை போர்த்தினான்.

"உங்களுக்குண்ணே?" என்றான் மருதை.

செல்லப்பன் கைத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுத் தலைமாட்டுக்குப் போனான்.

குழி வரைக்கும் தலைமாட்டில் செல்லப்பனும் கால்மாட்டில் மருதையும் தூக்கினார்கள். இறக்கியதும் ஆட்கள் மண் தள்ளக் குனிந்தார்கள்.

"இருங்க" என்றான் செல்லப்பன்.

புண் காலை மடக்க முடியாமல் விளிம்பில் குப்புறப் படுத்து, குழிக்குள் கையை நீட்டினான். வேட்டி விலகி, அவள் தோளருகே அரக்குக் கரை ஒரு விரல் அகலம் வெளியே தெரிந்துகொண்டிருந்தது. அதை மெல்ல உள்ளே செருகி, வேட்டியை இழுத்து மூடிவிட்டு எழுந்தான்.