ஊற்றுகிறவரே சொல்ல வேண்டும்

ஆயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, தபசுக்காலம் தொடங்க ஒரு மாதம் இருக்கையில், சவேரியார்பட்டி உபதேசியார் ஞானமுத்துவுக்கு, சுற்றுவட்டக் கோவில்களுக்கெல்லாம் பொறுப்பான விசாரணைச் சாமியாரிடமிருந்து ஒரு கடிதமும், அச்சிட்ட சிறு புத்தகம் ஒன்றும் வந்து சேர்ந்தன. ஊரில் நன்மை என்னும் நற்கருணை வாங்கும் வயதை அடைந்த ஒவ்வொருவருக்கும் கோவிலில் ஓர் ஊழியம் ஒதுக்க வேண்டும், யாருக்கு எது பொருந்தும் என்று பொறுமையாக ஆராய்ந்து பெயர்வாரியாக ஜாபிதா எழுதி வைக்க வேண்டும் என்றும், தபசுக்காலத்தின் முதல் நாளான விபூதிப் புதனன்று தாம் வந்து அதைப் பார்வையிடுவதாகவும் சாமியார் எழுதியிருந்தார்.

கட்டளைக்குக் காரணம் இருந்தது. பெரியாற்று அணை வேலைக்கென்று திடகாத்திரமான ஆண்களெல்லாம் மலையேறிவிட்டார்கள். ஏறியவர்களில் சிலர் குளிர்காய்ச்சலோடு இறங்கி வந்தார்கள். சிலர் இறங்கவே இல்லை. மணியடித்த கைகள் மேலே கல் சுமந்துகொண்டிருந்தன. பாடை தூக்க நான்கு தோள்கள் சேர்வதே அரிதாகிவிட்டது.

ஞானமுத்துவுக்கு முப்பத்தாறு வயது. சாமியார் வராத நாட்களில் கோவிலைக் கவனித்துக்கொள்ள ஆறு ஆண்டுகளுக்கு முன்பு இந்த ஊருக்கு அனுப்பப்பட்டவர். எழுத்து மணிமணியாக இருக்கும். ஆனால் ஒருவரை முகத்துக்கு நேரே கடிந்துகொள்ள அவருக்கு வராது. ஆகவே, ஒவ்வொருவரையும் ஒரு வாரம் ஒரு வேலையில் வைத்துப் பார்ப்பது, சரிவராவிட்டால் வருத்தமில்லாமல் மாற்றிவிடுவது என்று ஒரு முறையை வகுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனார்.

"குழி வெட்டவா?" என்றார் சின்னப்பராஜ். "என் இடுப்பப் பாருங்க உபதேசியாரே. குனிஞ்சா நிமிர முடியல, நிமிந்தா குனிய முடியல."

"வேற எது உங்களுக்குத் தோதுப்படும்?"

"தேருக்குக் குடை பிடிக்கேன். அதுக்கு நிமிந்து நின்னாப் போதும்ல?"

"குடைக்குப் பதினோரு பேரு சொல்லிட்டாகளே. இருக்குறது ஒரே குடை."

"அப்ப குடைய விரிச்சு மடக்குற வேலையாச்சும் குடுங்கய்யா. என்னமோ ஒண்ணு, நாலு பேரு பாக்குற மாதிரி."

நாலு பேர் பார்க்காவிட்டாலும் நாற்பது பேர் கேட்பார்கள் என்று சொல்லி, ஞானமுத்து அவரை மணியடிக்க வைத்தார். சின்னப்பராஜ் அதில் அப்படியே ஒட்டிக்கொண்டார். அதற்குமுன் எதற்கும் நேரம் பாராத மனிதர், இப்போது சூரியன் தம்மைக் கேட்டுக்கொண்டு உதிப்பதுபோல நடந்துகொண்டார். இப்படியே ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஊழியம் அமைந்து ஜாபிதா நிறைந்துவந்தது. ஒரு பெயருக்கு எதிரே மட்டும் ஒன்றும் எழுத முடியவில்லை.

வியாகுலமேரி நாற்பது வயது விதவை; ஊரின் மருத்துவச்சி. அவளைப் பெண்களின் செபமாலைக்கு முன்னால் நிறுத்திப் பார்த்தார். செபமாலையின் ஐந்து பகுதிகளான தேவரகசியங்களில் மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் இடையில், யாருக்கோ வலி எடுத்துவிட்டதென்று எழுந்து ஓடினாள். கோவில் கூட்டும் வேலையில் வைத்தார். பாதியில் கூப்பிட்டுக்கொண்டு போனார்கள். திறந்து கிடந்த கதவு வழியாக ஆடுகள் நுழைந்து பீடத்துத் துணியின் கரையைத் தின்றுவிட்டன. விளக்கை ஒப்படைத்தபோது இரண்டு நாள் கோவில் இருண்டு கிடந்தது. கோவிலில் வியாகுலத்துக்கு ஆடு பத்தும் வேலை என்று ஆற்றங்கரையில் பெண்கள் சிரித்தார்கள்.

அவள் அதைக் கேட்டுவிட்டு நேராக ஞானமுத்துவிடம் வந்தாள்.

"எல்லாருக்கும் எழுதிட்டீகளாம். என் பேருக்கு நேரா மட்டும் வெள்ளையாக் கெடக்காமே."

"உங்களுக்கு எது வரும்னு எனக்குப் பிடிபடலக்கா."

"எனக்குப் பிள்ளையப் பூமிக்குக் கொண்டாரத்தான் வரும். வேற எழவு ஒண்ணும் வராது. அதக் கோவில் வேலைன்னு எழுத மாட்டீகள்ல?"

எழுத முடியாதுதான். ஆனால் வேறு ஏதாவது இருக்கிறதா பார்ப்போம் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டு, சாமியார் அனுப்பிய புத்தகத்தை எடுத்து விரித்தார். அதுவரை அதைப் புரட்டிப் பார்த்ததோடு சரி. அதில் ஆபத்து ஞானஸ்நானம் என்ற தலைப்பின்கீழ் இருந்த ஒரு வரியில் அவர் விரல் நின்றது. 'தண்ணீர் ஊற்றுகிறவரே வாக்கியத்தையும் சொல்ல வேண்டும். ஒருவர் ஊற்ற மற்றொருவர் சொன்னால் அது ஞானஸ்நானம் ஆகாது.'

அந்த வரியை மறுபடியும் படித்தார்.

ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் பிள்ளைக்கு மோட்சமும் இல்லை, கோவில் கல்லறைத் தோட்டத்தில் இடமும் இல்லை என்பது போதனை. ஆகவே பிழைக்காது என்று தோன்றும் சிசுவுக்குச் சாமியார் வரும்வரை காத்திராமல் ஞானஸ்நானம் கொடுப்பது உபதேசியாரின் கடமை. அவருக்கு முன்பிருந்தவர் பல் போன கிழவர்; பிரசவ அறைக்குள் அவர் நுழைவதை யாரும் பொருட்படுத்தியதில்லை. ஞானமுத்து வந்தபோது முப்பது வயது. பதினாறு நாள் வரைக்கும் புருஷன்கூட எட்டிப் பார்க்காத இடத்தில் அந்நிய ஆண் எப்படி நுழைவது? ஊராரும் அவருமாகச் சேர்ந்து ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஓலைத் தட்டிக்கு வெளியே அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று வாக்கியத்தை உரக்கச் சொல்வார்; உள்ளே வியாகுலமேரி தண்ணீர் ஊற்றுவாள். மரியாதைக்கும் குறைவில்லை, மந்திரத்துக்கும் குறைவில்லை என்று எல்லோரும் மெச்சிக்கொண்ட ஏற்பாடு அது.

ஆறு ஆண்டுகளில் அப்படி ஒன்பது பிள்ளைகள். ஆறு பிள்ளைகள் பிழைத்து ஊருக்குள் ஓடியாடிக்கொண்டிருந்தார்கள். மூன்று பிள்ளைகள் கோவில் கல்லறைத் தோட்டத்தில் இருந்தார்கள்.

ஞானமுத்து ஜாபிதாவை எடுத்து, வியாகுலமேரியின் பெயருக்கு எதிரே 'ஆபத்து ஞானஸ்நானம்' என்று எழுதினார். அவளுக்கும் ஓர் ஊழியம் ஆயிற்று. இனிப் பிறக்கும் பிள்ளைகளுக்கும் குறை வராது. ஆனால் பிறந்துவிட்டவர்களுக்கு? அதைச் சொன்னால் ஒன்பது தாய்மாருக்கும் சொல்ல வேண்டும். மூன்று பேருக்கு என்ன ஆறுதல் சொல்வது? சொன்ன பிறகு உபதேசியார் என்று இந்த ஊரில் எவர் அழைப்பார்? சாமியார் வந்ததும் தனியே சொல்லிக்கொள்ளலாம் என்று ஒரு மனம் சொல்லியது. சொல்லாமலே விட்டாலும் யாருக்குத் தெரியும் என்று இன்னொரு மனம் சொல்லியது. வியாகுலமேரியிடம்கூடச் சொல்லாமல் இரண்டு நாள் போக்கினார்.

மூன்றாம் நாள் நண்பகலில், கோவில் நாட்டாண்மை மரிய ஜோசப்பின் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மருமகள் ஆரோக்கியம்மாளுக்கு எட்டாம் மாதத்திலேயே வலி எடுத்திருந்தது. அவளுடைய முதல் பிள்ளை, ஆண் குழந்தை, சென்ற ஆண்டு அரை நாள் இருந்து இறந்துபோயிற்று. கல்லறைத் தோட்டத்திலுள்ள மூன்றில் அதுவும் ஒன்று.

ஞானமுத்து போய்ச் சேர்ந்தபோது வாசலில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றார்கள். வழக்கமான இடத்தில், தட்டிக்கு முதுகைக் காட்டி அவர் நின்றதும் உள்ளேயிருந்து வியாகுலமேரியின் குரல் வந்தது.

"பொட்டப் பிள்ளை. அழுகல. தண்ணிய எடுத்துட்டேன், சொல்லுங்க உபதேசியாரே!"

அவர் வாய் திறந்தது. வாக்கியத்தின் முதல் சொல் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. சொல்லிவிட்டால் வாசலில் நிற்பவர்களுக்கு ஒரு சந்தேகமும் எழாது. உள்ளே இருக்கும் பிள்ளைக்கு மட்டும் ஒன்றும் கிடைக்காது.

"நீங்களே சொல்லுங்கக்கா," என்றார். "ஊத்திக்கிட்டே நீங்களே சொல்லுங்க."

"நானா? பொம்பள சொல்லலாமாய்யா?"

"சொல்லலாம். ஊத்துறவுகதான் சொல்லணும்."

"என்னய்யா வெளையாட்டு இது?" என்று மரிய ஜோசப் அவர் தோளைப் பற்றித் திருப்பினார். "பிள்ளை நெல கொள்ளாமக் கெடக்கு. சட்டுன்னு சொல்லும்!"

"நான் சொன்னாச் செல்லாதுங்க."

"செல்லாதா? போன வருசம் இதே எடத்துல நின்னுதான என் பேரனுக்குச் சொன்னீரு?"

"அதுவும் செல்லாது."

அவர் அதைச் சொன்னபோது குரல் நடுங்கவில்லை என்று அங்கே நின்றவர்கள் பின்னர் சொன்னார்கள்.

உள்ளே, ஆறு ஆண்டுகளாகத் தட்டி வழியாகக் கேட்டுக் கேட்டு மனத்தில் ஏறியிருந்த வாக்கியத்தை வியாகுலமேரி முதல் தடவையாகத் தன் வாயால் சொன்னாள். பெயர் ஒன்று வேண்டியிருந்தது. அவசரத்தில் வேறு எதுவும் தோன்றாமல் தன் பெயரையே வைத்துவிட்டாள்.

"வியாகுலமே, பிதாவுடையவும் சுதனுடையவும் இஸ்பிரீத்துசாந்துவினுடையவும் நாமத்தினாலே நான் உனக்கு ஞானஸ்நானம் குடுக்கேன்."

தண்ணீர் பட்ட அதிர்ச்சியோ என்னவோ, சிறிது நேரத்தில் பிள்ளை முனகியது, பிறகு அழுதது.

"எப்பத் தெரிஞ்சுச்சு உமக்கு?" என்று மரிய ஜோசப் கேட்டார்.

"மூணு நாளாச்சு. சாமியாரு அனுப்புன புத்தகத்துல இருந்துச்சு."

"மூணு நாளா வாய மூடிக்கிட்டு இருந்தீராக்கும்."

மரிய ஜோசப் கல்லறைத் தோட்டத்தின் பக்கம் கையை நீட்டினார்.

"சரி. அந்தப் பய இப்ப எங்கன இருக்கான்? அதச் சொல்லும்."

புத்தகத்தில் அதற்கு ஒரு வரியும் இல்லை.

பொழுது சாய்வதற்குள் ஊர் முழுவதும் செய்தி பரவிவிட்டது. தாய்மார் ஆறு பேர் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வியாகுலமேரியின் வீட்டுக்கு வந்து, இப்போதே ஊற்று என்று நின்றார்கள்.

"ஓடித் திரியிற பிள்ளைக்கு என்ன ஆபத்து இப்ப?" என்று அவள் அதட்டினாள். "சாமியாரு வரட்டும். அதுவரைக்கும் கெணத்துப் பக்கம் போகவிடாமப் பிடிச்சு வைங்க, போங்க ஆத்தா."

சாமியார் விபூதிப் புதனன்று மாட்டு வண்டியில் வந்து இறங்கினார். ஞானமுத்து ஜாபிதாவோடு ஒன்பது பெயர்களையும் தனித்தாளில் எழுதிக் கொடுத்தார். சாமியார் இரண்டு தடவை படித்தார். மறுநாள் அந்த ஆறு பிள்ளைகளுக்கும் தாமே ஞானஸ்நானம் கொடுத்தார். அவர்களில் மூத்தவன் ஐந்து வயதுப் பயல். தலையில் தண்ணீர் ஊற்றியதற்குக் கோவில் இடியும்படி கத்தினான். மற்ற மூன்று பிள்ளைகளின் கல்லறைகள் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும் என்றும், அவர்களைக் கடவுளின் இரக்கத்துக்கு விட்டுவிட வேண்டும் என்றும் சொன்னார்.

வேறு உபதேசியார் வேண்டும் என்று மரிய ஜோசப் கேட்டுக்கொண்டார். ஆண்டவர் உயிர்த்தெழுந்த பாஸ்காத் திருநாள் வரை பார்க்கலாம் என்று சாமியார் சொன்னார். ஜாபிதாவில் வியாகுலமேரியின் பெயருக்கு எதிரே இருந்ததை அடிக்கவில்லை. ஆனால் அவள் வேறு வீட்டில் இருக்கும் நேரத்தில் என்ன செய்வது என்று கேட்டார். இன்னும் மூன்று பெண்களாவது பழக வேண்டும், பழக்கிவிடுவது உபதேசியாரின் பொறுப்பு என்று சொல்லிவிட்டு உத்தமபாளையம் பக்கம் போய்விட்டார்.

பழக்குவதற்கு ஞானமுத்து ஒரு பூசணிக்காயைக் கோவில் தாழ்வாரத்தில் கொண்டுவந்து வைத்தார். வியாகுலமேரி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். முதல் நாள் வந்த இரண்டு பெண்களும் சிரிப்பை அடக்க முடியாமல் திண்டாடினார்கள்.

"ஏ ஆத்தா, தலையில ஊத்து. மூக்குல ஊத்துறியே, பிள்ளை மூச்சு முட்டிச் சாகவா?"

"பூசணிக்கு எதுடி மூக்கு?"

"அந்தக் காம்புதான் மூக்குன்னு வச்சுக்க. சொல்லிக்கிட்டே ஊத்தணும். ஊத்தி முடிச்சிட்டுச் சொல்லக்கூடாது. உபதேசியாரே, நீங்க வாயத் தொறக்காதீக."

அவர் திறக்கவில்லை. பிழை இருந்தால் கையை மட்டும் உயர்த்தினார். இரண்டு பேரும் தேறினார்கள். மூன்றாவது ஆள் பல நாள் வரவில்லை.

பாஸ்காவுக்கு ஆறு நாள் இருக்கையில், குருத்து ஞாயிறு கழிந்த மறுநாள், ஆரோக்கியம்மாள் வந்தாள். பிள்ளை தோளில் கிடந்தது. இன்னும் ஒரு கைப்பிடிதான், ஆனால் பாலை நன்றாக இழுத்துக் குடிக்கிறது என்றாள். மாமனாருக்குத் தெரியுமா என்று வியாகுலமேரி கேட்டாள்.

"தெரியும். போகாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல."

பிள்ளையை வியாகுலமேரியிடம் கொடுத்துவிட்டுச் செம்பை எடுத்தாள். பூசணிக்காயின் மேல் மெல்லிய தாரையாக ஊற்றியபடி, ஒரு சொல்லும் தப்பாமல் சொன்னாள். அவளுக்குக் கற்றுக்கொடுக்க ஒன்றும் இல்லை. இரண்டு தடவை அந்தத் தட்டிக்கு உள்ளே கிடந்து கேட்டவள் அவள்.

"சரியா இருக்கும்மா," என்றார் ஞானமுத்து.

அவள் செம்பைக் கீழே வைக்கவில்லை.

"மூத்தவன நெனச்சுக்கிட்டு இன்னொருக்க ஊத்தலாமா?"

தெரியாததைத் தெரிந்ததுபோலச் சொல்ல அவருக்கு இப்போது அச்சமாக இருந்தது.

"ஞானஸ்நானம்னு எண்ணி ஊத்தக்கூடாதும்மா. பழகுறதுக்குன்னா எத்தன தடவை வேணும்னாலும் ஊத்தலாம்."

அவள் செம்பை மறுபடியும் நிரப்பிக்கொண்டு வந்தாள். ஞானமுத்து ஜாபிதாவை எடுத்து, வியாகுலமேரியின் பெயருக்குக் கீழே ஆரோக்கியம்மாளின் பெயரை எழுதத் தொடங்கினார். அவள் ஊற்றி முடிக்கும்வரை தலைநிமிர்ந்து பார்க்கவில்லை.