இம்பாபா சாலையில் ஒரு மேடு

பொக்லைன் வந்துவிட்டது. டயாலிசிஸ் நிலையத்தின் மதிலோரம் நின்று புகை கக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் நூரானின் கைபேசி அடித்தது. சாலைத் துறை இயக்குநர் ஷுக்ரி.

"டாக்டர், கிளம்பிட்டேன். நேத்து மாதிரி இன்னைக்கும் வண்டிங்க தேங்கி நின்னா, உங்க மேட்டை என் கண்ணு முன்னாலயே பேத்துடச் சொல்லிருவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"வந்து பாருங்க சார்" என்றாள் நூரான்.

அவள் வட்டாரச் சுகாதார அலுவலர். நோயாளிகள் நான்கு மணி நேரம் ரத்தம் சுத்திகரித்துக்கொண்டு, தலை கிறுகிறுக்க வெளியே வருவார்கள். ரம்சீஸ் ரயில் நிலையத்துக்குப் போகும் சவாரி வேன்கள் எதிர்ப்பக்கம். நடுவில் இம்பாபா வட்டாரத்தின் அகலமான சாலை. கையை நீட்டிக்கொண்டே, ஓடுகிற வண்டிகளுக்கு நடுவில் ஒவ்வொரு வரிசையாக நழுவிப் போவதுதான் கெய்ரோக்காரர்கள் சாலை கடக்கும் விதம். கால் நிதானமாக இருப்பவர்களுக்கு அது சரி. இவர்களுக்கு? சிறுநீரகம் விட்டுவைத்தவர்களைச் சாலை எடுத்துக்கொண்டது.

ஆளுநர் அலுவலகக் கூட்டத்தில் நூரான் மேசையைத் தட்டினாள். "காலரா வந்தா குழாய்த் தண்ணியைப் பாக்குறோம். நோயாளியைத் திட்டுறதில்ல. இங்க நோய் ரோட்டுல இருக்கு. ரோட்டுக்கு வைத்தியம் பண்ணுங்க."

அப்படிப் போராடி வாங்கியதுதான் இந்த மேடு. நடைபாதை உயரத்துக்குத் தார் போட்டு, மேலே வெள்ளைக் கோடு இழுத்த கடவை. எந்த வண்டியாக இருந்தாலும் வேகத்தைக் குறைத்துத்தான் ஏற வேண்டும். சோதனை முயற்சி என்றுதான் அனுமதி. போட்ட நாளிலிருந்து ஒருவருக்கும் அடியில்லை.

ஆனால் நூரான் ஒன்றை மறந்துவிட்டாள். இந்த ஊரில் வண்டி எங்கே மெதுவாகிறதோ, அதுதான் நிறுத்தம்!

இரண்டே நாளில் வேனுக்குக் காத்திருப்பவர்கள் மொத்தப் பேரும் மேட்டருகே வந்துவிட்டார்கள். அவர்களைத் தேடி வேன்கள். வேன்களுக்கு ஆள் கூவிப் பிழைக்கும் ஸக்லூல். ஸக்லூலுக்குப் பக்கத்தில் சுட்ட சர்க்கரைவள்ளிக்கிழங்கு வண்டி. பின்னால், கண்ணுக்கெட்டிய வரை ஹாரன்.

நூரான் சாலையைக் கடந்து ஸக்லூலிடம் போனாள்.

"ஸக்லூல், மேட்டைத் தாண்டி அந்த மருந்துக்கடைகிட்ட போய் நின்னு கூவேன். வேனெல்லாம் அங்க வந்துரும்."

"சவாரி இங்கதானே நிக்குது டாக்டரம்மா! அதை நகத்துங்க, நானும் நகர்றேன்."

காத்திருந்த கூட்டத்திடம் திரும்பினாள். "கொஞ்சம் தள்ளிப் போய் நில்லுங்களேன்."

"வேன் இங்கதானம்மா நிக்குது" என்றார் ஒருவர். "அங்க போய் நின்னு காத்தா வாங்கறது?"

ஸக்லூல் சிரித்தான். "பாத்தீங்களா? நான் சொன்னா நம்ப மாட்டீங்க."

மணி பன்னிரண்டாகப் போகிறது. சற்று நேரத்தில் நிலையத்தின் கதவு திறக்கும். ஷுக்ரியின் கார் எந்த நொடியும் வரலாம்.

கெஞ்சிப் பயனில்லை. நூரான் விறுவிறுவென்று மருந்துக்கடை வரை நடந்தாள். நடைபாதை விளிம்பில் ஏறி நின்றாள். கைப்பையைக் கக்கத்தில் இடுக்கினாள்.

"ரம்சீஸ்..."

யாரும் திரும்பவில்லை.

"யாரும்மா அது, ஊசி போடப் பேர் கூப்பிடுற மாதிரி?" என்று கிழங்கு வண்டிக்காரர் கத்தினார். "சத்தமா!"

கூட்டம் சிரித்தது. நூரானின் முகம் சிவந்தது. மருத்துவக் கல்லூரியில் இதற்குப் பாடம் இல்லை. மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"ரம்சீஸ்! ரம்சீஸ்! ரம்சீஸ்! சீட் இருக்கு, ஓடி வா! ரம்சீஸ்!"

மேடேறி வந்த ஒரு வேன் நிற்காமல் நேரே அவளிடம் வந்து நின்றது. ஓட்டுநர் தலையை நீட்டினான். "என்னக்கா, புது ஆளா? ஸக்லூல் செத்துட்டானா?"

அவ்வளவுதான். சீட் போய்விடுமோ என்று நான்கு பேர் ஓடிவந்தார்கள். அவர்கள் ஓடுவதைப் பார்த்துப் பத்துப் பேர். அடுத்த வேனும் வந்தது. மேட்டருகே ஸக்லூல் தனியாக நின்றான். ஒரு கணம்தான். பிறகு அவனும் தலைதெறிக்க ஓடிவந்தான்.

"என் சோத்துல மண்ணப் போடுறீங்களே! இறங்குங்க டாக்டரம்மா! ரம்சீஸ்னா இப்படியா சொல்றது?" அவளை ஓரம் தள்ளிவிட்டு அவன் எடுத்த குரலில் மருந்துக்கடைக் கண்ணாடி அதிர்ந்தது.

தேங்கியிருந்த வண்டிகள் மேடேறி இறங்கி ஓடத் தொடங்கின. அவற்றோடு ஷுக்ரியின் காரும் வந்தது. அவர் நிலையத்தின் பக்கம் போய் இறங்கி, கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். நூரான் மூச்சிரைக்க அவரிடம் ஓடினாள்.

"இன்னைக்கு ஓடுது" என்றார் அவர். "நாளைக்கு?"

பதில் சொல்வதற்குள் நிலையத்தின் கதவு திறந்தது. முதலில் வந்தவர் உம் மர்ஸூக். சந்தையில் மீன் விற்கும் மூதாட்டி. மேட்டில் கால் வைத்தார், வழக்கம்போலக் கையை நீட்டினார், நடுச்சாலை வரை போனார். அங்கே கால் மடங்கி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

தண்ணீர் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது.

ஷுக்ரி "ஏய்!" என்று அலறினார். நூரான் பாய்ந்தாள்.

மேட்டுக்காக ஏற்கெனவே வேகம் குறைத்திருந்த லாரி, சரிவில் முன்சக்கரம் ஏறியதுமே நின்றது. ஓட்டுநர் குனிந்து பார்த்தான். "ஹாஜ்ஜா, மெதுவா எந்திரிங்க. அவசரமில்ல."

"அவசரம்னு நான் சொன்னேனா?" என்றார் உம் மர்ஸூக், கண்ணைத் திறக்காமலே.

நூரான் அவரைத் தாங்கி எழுப்பினாள். இன்னொரு கையைப் பிடித்தது யார் என்று நிமிர்ந்து பார்த்தால், ஷுக்ரி. முகம் வெளுத்திருந்தது. மூவரும் மெதுவாகச் சாலையைக் கடந்தார்கள். லாரிக்குப் பின்னால் ஒரே ஒரு ஹாரன் அடித்தது. லாரி ஓட்டுநர் இறங்கிப் போய் அதையும் நிறுத்தினான்.

மருந்துக்கடை நிழலில் உம் மர்ஸூக்கை உட்காரவைத்தார்கள். ஷுக்ரி தன் கார் ஓட்டுநரைக் கூப்பிட்டு, பொக்லைனைத் திருப்பி அனுப்பச் சொன்னார்.

"மேடு இருக்கட்டும். வேன் நிக்க இங்க உள்வாங்கி இடம் விடணும். பலகையும் வைக்கணும். எழுதிக் குடுங்க, கையெழுத்துப் போடுறேன்."

"ஒண்ணு மட்டுமா சார்?" கூவியதில் நூரானின் தொண்டை கட்டியிருந்தது, காற்றுதான் வந்தது. "இந்த வட்டாரத்துல எல்லா ஆஸ்பத்திரி வாசலுக்கும் கேக்குறேன்."

"சந்தை வாசலுக்கும் கேளும்மா" என்றார் உம் மர்ஸூக். "நான் அங்கயும் ரோட்டைத் தாண்டணும்."

ஷுக்ரி சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.