துவைக்கக் கூடாத சட்டை

சட்டை துவைக்கப்பட்டிருந்தது.

துவைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டு, ஹேங்கரில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் உறை வேறு. டெலிவரிக்குத் தயாராக நின்ற மஞ்சள் மேஜை விரிப்புகளுக்கு நடுவே அது பளபளவென்று தொங்குவதைப் பார்த்ததும் கேப்டன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

கேப்டன் எந்த அணிக்கும் கேப்டன் இல்லை. லாண்டரிக் கடை முதலாளி. கால்பந்துப் போட்டி தொடங்கிவிட்டால் மஞ்சள் அணிக்காக அவர் கடைக்குள்ளிருந்து போடும் கூச்சலைக் கேட்டுத் தெரு வைத்த பெயர் அது.

ஊர்த் துணியெல்லாம் துவைக்கிற மனிதர், கோப்பைக்கான போட்டி நடக்கும் மாதத்தில் ஒரே ஒரு சட்டையை மட்டும் துவைக்க மாட்டார். முதல் ஆட்டத்துக்குப் போட்ட மஞ்சள் சட்டை கடைசி ஆட்டம் வரை அப்படியே இருக்க வேண்டும். துவைத்தால் ராசி போய்விடும். வியர்வை, கோல் விழுந்த சந்தோஷத்தில் நெஞ்சில் கொட்டிக்கொண்ட டீ, எல்லாமே ராசியில் சேர்த்தி. ஆட்டம் முடிந்ததும் பாய்லர் பக்கத்து ஆணியில் மாட்டுவார். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அவர் மனைவி மூக்கைப் பிடித்துக்கொள்வாள்.

இன்று மதியம் கால் இறுதி. இதோ, டிவியில் வீரர்கள் வரிசையாக நின்றுவிட்டார்கள். வேறு வழியில்லை. கேப்டன் உறையைக் கிழித்து எடுத்துப் போட்டுக்கொண்டார். சட்டை பூ மாதிரி மணத்தது. அவருக்கு அழுகை வந்தது.

முதல் பாதியில் மஞ்சள் அணி ஒரு கோல் வாங்கியது. இரண்டாம் பாதியில் இன்னொன்று. மஞ்சள் அணி அடித்த ஒரே கோலை ஆஃப்சைடு என்று கொடி தூக்கி ரத்து செய்தார்கள். கோப்பையை வாங்கும் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்த அணி, பெட்டியைக் கட்டிவிட்டது.

கேப்டன் டிவியை அணைத்தார். ஷட்டரைப் பாதி இறக்கினார்.

"ஒருத்தரும் வெளிய போகக்கூடாது."

உள்ளே இருந்ததே இரண்டு பேர். கவுண்டரில் மனைவி. இஸ்திரி மேஜையில் அவள் தம்பி, நீலக்கோடு அணியின் ரசிகன். அவன் அணிக்கு இன்று மாலை ஆட்டம்.

"யாரு துவைச்சது?"

"என்னைப் பார்க்காதீங்க," என்றாள் மனைவி. "அதை நான் குச்சியால கூடத் தொட மாட்டேன்."

"நாறுதுன்னு தினம் சொன்னியா இல்லையா?"

"நாறுச்சு, சொன்னேன். குழந்தையா இருந்தா நானே குளிப்பாட்டியிருப்பேன்."

கேப்டன் திரும்பினார். "மச்சான்!"

"தேய்ச்சது நான்தான் மாமா, ஒத்துக்கறேன். விரிப்போட விரிப்பா வந்துச்சு, தேய்ச்சேன். கண்ணு டிவியில இருந்துச்சு. ஆனா சத்தியமா துவைக்கல."

"கண்ணு டிவியிலயாம், கை மட்டும் காலரை மடிச்சு மடிச்சுத் தேய்ச்சுதாம்!"

"கைக்குப் பழக்கம் மாமா. அது என்னைக் கேட்டா செய்யுது?"

கேப்டனுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. "இதைத் துவைச்சது யாரா இருந்தாலும் சரி, போட்டி முடியற வரைக்கும் இந்தக் கடைக்குள்ள கால் வைக்கக்கூடாது. என் மேல ஆணை!"

மச்சானின் முகம் வெளுத்தது. தெருவிலேயே பெரிய டிவி இந்தக் கடையில்தான். பழி தன் தலையில் விழுந்தால் மாலை ஆட்டம் போச்சு, அரை இறுதி போச்சு, எல்லாம் போச்சு.

விசாரணை தொடங்கியது. கேப்டன் சட்டையைக் கழற்றி, பனியனோடு நின்று, டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்தார். முகர்ந்தார். திருப்பினார். நெஞ்சுப் பக்கம் வந்ததும் கண்கள் சுருங்கின.

"டீக்கறை எங்க போச்சு?"

மச்சான் துள்ளினான். "பார்த்தீங்களா? எனக்கு டீக்கறை எடுக்க வராது! வந்தா, அந்த வக்கீல் சட்டைக்கு உங்ககிட்ட அவ்வளவு திட்டு வாங்கியிருப்பேனா?"

"எனக்கும் வராது," என்றாள் மனைவி. "கறைக்குப் போடற அந்தக் கலவையில என்ன ஊத்தறீங்கன்னு கட்டின பொண்டாட்டிக்கே சொன்னதில்ல."

"எப்படிச் சொல்லுவேன்? தொழில் ரகசியம்!" கேப்டனின் குரலில் தானாகவே பெருமிதம் ஏறிக்கொண்டது. "பாரு, சாயம் போகல. ஓரத்துல வளையம் விழல. நூலுக்கு வலிக்கவே இல்ல. இவ்வளவு சுத்தமா எடுக்கறதுக்கு இந்த வட்டாரத்துலயே ஒரே ஒருத்தன்தான்..."

நின்றுவிட்டார்.



நேற்று ஹோட்டல்காரர் விரிப்பு மூட்டையோடு வந்தபோது, சட்டையை ஆணியிலிருந்து எடுத்து விரித்துக் காட்டிப் பெருமை பேசியது யார்? அவர்தான். பேச்சு சுவாரஸ்யத்தில் மூட்டை மேலேயே போட்டதும் அவர்தான். பிறகு போனில் ஆட்டக் கணிப்பைக் கேட்டுக்கொண்டே மஞ்சளோடு மஞ்சளைச் சேர்த்து, ஒவ்வொரு டீக்கறையாகத் தேடிக் கலவையைத் தடவி, மெஷினுக்குள் திணித்ததும்...

மனைவி எழுந்துபோய் ஷட்டரை முழுதாக ஏற்றினாள்.

"கிளம்புங்க."

மாலையில் கேப்டன் நடைபாதையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கடைக்குள் மச்சானும் தெருக்காரர்களும் நிறைந்திருந்தார்கள். கண்ணாடிக் கதவு வழியாக டிவியில் பாதி தெரிந்தது. பந்து வலது பக்கம் போனால் அவர் இடது பக்கம் சாய வேண்டும்.

ஒரு கட்டத்தில் கை தட்டிவிட்டார். மச்சான் வெளியே ஓடிவந்தான்.

"மாமா, யாருக்குத் தட்டறீங்க?"

"உங்க டீமுக்குத்தான். எங்காளுங்க போனப்புறம் இனி எனக்கும் அதுதான்."

"ஐயோ, வேண்டாம் மாமா! உங்க கால்ல விழறேன். எதிர்த்து ஆடற சிவப்பு டீமுக்குத் தட்டுங்க. நிம்மதியா ஜெயிச்சுடுவோம்."

"சரி, சரி. போ."

வாயை மூடிக்கொண்டார். மனசை மூட முடியவில்லை. ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் நீலக்கோட்டுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. கேப்டன் ஸ்டூல் மேல் ஏறி நின்று, "போடுடா ராஜா!" என்று அலறினார். பந்தைத் தடுத்த சிவப்பு அணி, அதே மூச்சில் மறுமுனைக்கு ஓடி கோல் அடித்தது.

கடைசி விசில் ஒலித்தது. கூட்டம் முணுமுணுத்துக்கொண்டே கலைந்தது. மச்சான் இன்னொரு ஸ்டூலைத் தூக்கி வந்து பக்கத்தில் போட்டு உட்கார்ந்தான்.

"சொன்னேனா இல்லையா?"

"மத்த நேரமெல்லாம் மனசுக்குள்ளதான்டா தட்டினேன்."

"உங்களுக்கு அதுவே போதும் மாமா."

இருவரும் எதிர்ச் சுவரைப் பார்த்தார்கள். பிறகு கேப்டனுக்குச் சிரிப்பு வந்தது. மச்சானுக்கும் தொற்றிக்கொண்டது. ஒரே நாளில் ஒரே கடையில் இரண்டு அணியும் அவுட் என்றால் வேறென்ன செய்வது?

அப்போதுதான் எதிர்வரிசைப் பல் டாக்டர் வந்தார். வாயெல்லாம் பல். கையில் சுருட்டிய சிவப்புச் சட்டை.

"கேப்டன், அர்ஜென்ட்! அரை இறுதிக்கு இது பளிச்சுன்னு வேணும்."

கேப்டன் மெதுவாக எழுந்தார். "போட்டி தொடங்கினதுலேருந்து துவைக்கவே இல்லையா, டாக்டர்?"

"ஒரு தடவை கூட இல்ல. ஜெயிச்சுக்கிட்டே இருக்கமா, கழட்டவே மனசு வரல."

கேப்டனும் மச்சானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கேப்டன் பச்சைக்குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் சட்டையை வாங்கினார்.

"கவலையே படாதீங்க. இதுக்கு மேல சுத்தமா எவனாலயும் துவைக்க முடியாது."

டாக்டர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். கேப்டன் விடுவிடுவென்று கடைக்குள் நுழைந்தார். கவுண்டரிலிருந்து மனைவி கையை நீட்டி மறித்தாள்.

"ஆணையிட்டீங்களே?"

"இது அவசர கேஸும்மா. முடிச்சதும் நானே வெளிய போய் உக்காந்துக்கறேன்."

அவள் அவரைத் தாண்டி வாசலைப் பார்த்தாள். நடைபாதையில் தம்பி இன்னும் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். இதுவரை ஒரு ஆட்டத்தைக் கூட முழுசாகப் பார்த்தறியாதவள், கணவர் கையிலிருந்த சட்டையை வெடுக்கென்று பிடுங்கி மெஷினில் போட்டாள்.

"என் தம்பியை அழ வச்ச டீமா இது?" என்றபடி சோப்புத்தூள் டப்பாவைக் கவிழ்த்தாள். "ரெண்டு தடவை ஓடட்டும்."