பதினொன்றாம் எண் பேருந்து

ஒஹையோவில் எங்கள் ஊர் சனிக்கிழமைச் சந்தையில், என் சோளக் கடைக்கு அடுத்தது மார்வெல்லா டிப்ஸின் நீலக் கூடாரம். அரசின் உணவு உதவி அட்டை வைத்திருப்பவர்கள் முதலில் அங்கேதான் போவார்கள். மார்வெல்லா அட்டையை இயந்திரத்தில் தேய்த்து, கேட்ட தொகைக்கு, கடைகளில் காசுக்குப் பதிலாகக் கொடுக்கும் மர டோக்கன்கள் தருவார். காய்கறிக்கென்று அதே அளவு இன்னொரு பங்கும் சேர்த்துக் கொடுப்பார். முப்பது வருடம் நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். இந்த வேலைக்குச் சம்பளம் கிடையாது.

ஜூலையில் ஒரு நாள் பத்தரை மணிக்கு இயந்திரம் நின்றுபோனது. அந்த நேரம் பார்த்துத்தான் கோரின் யோஸ்ட் வந்தாள். ஆலை மூடியதில் அவள் கணவனுக்கு வேலை போயிருந்தது. இடுப்பில் குழந்தையோடு, இரண்டு பேருந்து மாறி, முதன்முறையாகச் சந்தைக்கு வந்திருந்தாள். இயந்திரம் ஓடவில்லை என்றதும் அட்டையைப் பைக்குள் வைத்துத் திரும்பினாள்.

மார்வெல்லா எழுந்து மறித்தார். முதல் தடவை வெறுங்கையோடு போனவர்கள் மறுபடி வந்து அவர் பார்த்ததில்லை.

"திரும்பிப் போக எந்த பஸ்ஸும்மா?"

"பதினொண்ணு. பதினொண்ணேகாலுக்கு வரும். அதை விட்டா ரெண்டு மணிக்குத்தான்."

"அப்ப நேரம் இருக்கு. வேணுங்கறதை எடுத்து வைக்கச் சொல்லு. போன்ல அனுமதி வாங்கறது என் பாடு."

இப்படிப்பட்ட நாளுக்கென்று ஒரு காகிதப் படிவம் உண்டு. அட்டை எண்ணைத் தொலைபேசியில் சொல்லி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி இல்லாமல் டோக்கன் கொடுத்து, அட்டையில் இருப்பு இல்லாமல் போனால் நஷ்டம் சந்தைக்கு. போன வருடம் இரண்டு முறை அப்படி ஆகி, கூடாரத்தையே எடுத்துவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு. அதனால் மார்வெல்லா காதுக்கும் தோளுக்கும் நடுவே போனை இடுக்கிக்கொண்டு காத்திருந்தார். மறுமுனையில் ஆள் வராமல் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது. கோரின் ஒவ்வொரு கடையிலும் தயங்கி நின்றபோது கூடாரத்திலிருந்தே குரல் கொடுத்தார், பீன்ஸ் கடைக்காரரிடமும்: "ஹார்லன், அந்தப் பொண்ணு எனக்கு வேண்டியவ. நல்லதாப் பார்த்து எடுத்து வை." அட்டை என்ற சொல் அவர் வாயில் வரவில்லை.

பதினொன்றேகாலுக்கு அனுமதி எண் வந்தது. பேருந்தும் வந்தது. நம்பிக்கை போய், எடுத்து வைத்ததையெல்லாம் விட்டுவிட்டு கோரின் ஏறிவிட்டாள். அப்போதுதான் மார்வெல்லாவுக்கு உறைத்தது: படிவத்தில் அவளிடம் கையெழுத்து வாங்கவில்லை. அது இல்லாமல் அனுமதி எண்ணுக்கு மதிப்பில்லை.

அவர் ஓடவில்லை; முழங்கால் இடம் கொடுக்காது. நடந்துபோய்ப் பேருந்துக்கு முன்னால் நின்று உள்ளங்கையை உயர்த்தினார். ஓட்டுநர் டிவிட் கதவைத் திறந்தான்.

"அக்கா, நீங்க ரிட்டயராகி நாலு வருஷம் ஆச்சு. இன்னமும் டைம் டேபிள் உங்க கையிலதானா?"

"ரெண்டு நிமிஷம்டா. நீ எந்தெந்த நிறுத்தத்துல டீ குடிப்பேன்னு எனக்குத் தெரியும்."

மார்வெல்லா ஏற, நான் சோளத்தோடும், ஹார்லன் பீன்ஸ், பீச் பழப் பைகளோடும் பின்னால் ஏறினோம். பயணிகள் எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். இத்தனை பேர் நடுவில் உதவி, அட்டை என்று ஏதாவது வந்துவிடுமோ என்று எனக்குப் பயம். கோரின் முகம் சிவந்திருந்தது.

மார்வெல்லா சோளப் பையை அவள் மடியில் வைத்தார். படிவம் பைக்குப் பின்னால், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிந்தது.

"வாங்கினதை மறந்துட்டுப் போறியேம்மா. ரசீதுல ஒரு கையெழுத்து போட்டுடு."

கோரின் குழந்தையை மாற்றிப் பிடித்துக்கொண்டு போட்டாள். பக்கத்து இருக்கைக்காரர் பீச் பழங்களை மோந்து பார்க்காத குறையாகக் குனிந்து, எங்கே வாங்கியது என்று கேட்டார்.

"இங்க சந்தையிலதான்," என்றாள் கோரின். "சனிக்கிழமை சனிக்கிழமை இருக்கும். சீக்கிரம் வரணும்."

மார்வெல்லா திரும்பி வந்து, கோரின் வாங்கியதற்கு எங்களுக்குச் சேர வேண்டிய டோக்கன்களைக் கொடுத்தார். கூடாரத்தில் இன்னும் இரண்டு பேர் அட்டையோடு நின்றிருந்தார்கள். இயந்திரம் சரியாகவில்லை. அவர் உட்கார்ந்து, முதல் வேலையாகக் கையெழுத்துக்குப் படிவத்தையும் பேனாவையும் அவர்கள் பக்கம் தள்ளிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டார்.