பிரேக் ஆயில்

வண்டியை வாங்கப் போன அன்று அவர் அதைச் சுற்றிச் சுற்றி வந்த விதத்தைப் பார்த்து, விற்பவரே கொஞ்சம் மிரண்டுபோனார். கதவுகளைத் தட்டிப் பார்த்தார். சக்கரத்துக்கு மேலே கையை விட்டு, துரு எவ்வளவு என்று தடவினார். இன்ஜினை ஓடவிட்டு, பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். உள்ளே ஏறி உட்கார்ந்து ஒவ்வொரு கியராகப் போட்டுப் பார்த்தார்.

"இன்ஜின் நல்லா இருக்கு. செகண்ட் கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், பழகிடும்" என்றார் மனைவியிடம்.

அவள் தலையாட்டினாள். வண்டி விஷயத்தில் அவர் சொல்லிவிட்டால் அவளுக்கு அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

அவர் காலமெல்லாம் லாரி ஓட்டியவர். கூட்டாளிகள் அவரை 'ஸ்டியரிங்' என்றுதான் கூப்பிடுவார்கள். சர்க்கரை நோய் வலது கண்ணைத் தின்றுவிட்டதும் கம்பெனியில் இறக்கிவிட்டார்கள். "இடது கண்ணு இருக்குல்ல, அது போதும். கொஞ்சம் மங்கல், அவ்வளவுதான்" என்று சொல்லிவந்தார். அவளுக்கு ஒரு சலவைக்கூடம் இருந்தது. ஊரிலிருந்த லாட்ஜுகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் அங்கேதான் வெளுத்து, தேய்த்து, மூட்டையாகிப் போகும். வாடகை வேன்காரர் மனசு வைத்தால் வருவார், இல்லாவிட்டால் போனைக்கூட எடுக்க மாட்டார். அதனால்தான் இந்தப் பழைய பிக்கப். ஓட்டப் போவது அவள், பார்த்துக்கொள்ளப் போவது அவர் என்று பேச்சு.

முதல் சில வாரங்கள் வண்டியின் குணம் தெரிந்துகொள்வதிலேயே போயின. அது முன்பு கோழி ஏற்றிய வண்டி. எத்தனை முறை கழுவினாலும் சீட்டுக்கு அடியிலிருந்து ஓர் இறகாவது பறந்து வரும்.

"தலையணை கிழிஞ்சுபோச்சுன்னு லாட்ஜ்காரங்க சண்டைக்கு வரப்போறாங்க" என்றாள் அவள்.

இடது பக்கம் திருப்பினால் ஹார்ன் தானாக அடித்தது. வயரை மாற்றும்வரை, தெருவில் போகிறவர்கள் தங்களைத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்துக் கையை ஆட்டினார்கள்.

"நீயும் திருப்பி ஆட்டு. ஓட்டு கேக்க வந்த மாதிரி இருக்கும்" என்று சொல்லி அவர் விழுந்து விழுந்து சிரித்தார். வேலை போனதிலிருந்து அவர் அப்படிச் சிரித்து அவள் கேட்டதில்லை.

காலையில் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் நிற்பார்கள். ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து அவளிடம் நீட்டுவார்.

"எதுவரைக்கும் இருக்கு?"

"மேல் கோட்டுக்குக் கொஞ்சம் கீழே."

"நிறம்?"

"கறுப்பு. ரொம்பக் கறுப்பு இல்ல."

"நீயே பாத்துச் சொல்லு, அப்பத்தான் மனசுல நிக்கும்" என்பார். ரேடியேட்டர் தண்ணீர், டயரின் தேய்மானம், பேட்டரி முனையில் பூத்த வெள்ளை, எல்லாவற்றையும் அவள்தான் பார்த்துச் சொல்வாள். தனக்குக் கற்றுத்தருகிறார் என்று அவள் பெருமைப்பட்டாள்.

ஒருநாள் அவள் துணி மூட்டைகளைக் கட்டிக்கொண்டிருந்தபோது அவர் வெளியிலிருந்து குரல் கொடுத்தார்: "பிரேக் ஆயில் எறங்கியிருந்துச்சு. ஊத்திட்டேன்."

மறுநாளே வண்டி சோர்ந்தது. ஆக்சிலேட்டரை மிதித்தால் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல் இருந்தது. கருகும் வாடை வந்தது. அவள் ஓரமாக நிறுத்தி இறங்கி முன் சக்கரத்தைத் தொட்டாள். கை வெந்துவிடும்போல் சுட்டது. ஆறும்வரை காத்திருந்து, மாட்டுவண்டி வேகத்தில் மெக்கானிக் கடைக்கு உருட்டிக்கொண்டு போனாள்.

மெக்கானிக் அவள் கணவரின் பழைய கூட்டாளி. பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து, விரலை விட்டுத் தேய்த்து, முகர்ந்து பார்த்தார். மூடிக்குள் இருந்த ரப்பர் ஊறி, அப்பளம்போல் உப்பியிருந்தது.

"இதுல இன்ஜின் ஆயில ஊத்தியிருக்கு. யாரு பண்ண வேலை இது?"

வீட்டு அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு பாட்டில்களும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஒன்று மஞ்சள், ஒன்று கறுப்பு. மங்கலாகத் தெரிந்தால்கூட அந்த நிறம் தெரிந்திருக்கும்.

"நான்தாண்ணே. கவனிக்காம ஊத்திட்டேன்."

"என்னக்கா நீங்க! வீட்டுல அண்ணனை வெச்சுக்கிட்டு இப்படிப் பண்ணலாமா? ரப்பர் எல்லாத்தையும் மாத்தணும். நல்லவேளை, பிரேக் பிடிச்சுக்கிச்சு. பிடிக்காமப் போயிருந்தா?"

மெக்கானிக் திட்டத் திட்ட அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். தன் ஆள் அந்தக் கடையில் தலை நிமிர்ந்து நடந்தவர். அது அப்படியே இருக்கட்டும் என்று நினைத்தாள்.

வீட்டிலும் அதையேதான் சொன்னாள். அவர் குதித்தார்.

"அறிவு இருக்கா உனக்கு? ரெண்டும் ஒண்ணா? அது என்ன குழம்பா, எதை வேணா ஊத்தி எறக்க? மலைப் பாதையில இப்படி ஆகியிருந்தா..."

குரல் பழைய குரல். லாரியிலிருந்து இறங்கி வரும்போதே தெருமுனைவரை கேட்கும் குரல். அவள் அந்த வசவைச் சந்தோஷமாகவே வாங்கிக்கொண்டாள். பாதியில் அவர் நின்றுவிட்டார்.

"நீ எப்ப ஊத்தின?"

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நேத்து நான்ல ஊத்தினேன்."

அவர் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அலமாரிக்குப் போனார். பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கழுத்தைத் தடவினார். பிரேக் ஆயில் பாட்டிலின் மூடிக்குக் கீழே சீல் உடையாமல் இருந்தது. அதை மெதுவாக இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"எவ்வளவு தெரியுது உங்களுக்கு? உண்மையச் சொல்லுங்க."

"வெளிச்சம் தெரியும். யாராவது குறுக்கே போனா நிழல் மாதிரி தெரியும்."

"என் மொகம்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"வண்டி வாங்குறதுக்கு முன்னாடியே போயிடுச்சும்மா."

அவளுக்கு முதலில் அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. "சொல்றதுக்கு என்ன? ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாமே! இத்தனை நாளா என்னைக் கண்ணாமூச்சி ஆட விட்டீங்களா?"

"சொல்லியிருந்தா நீ வண்டி வாங்கியிருப்பியா? எனக்குன்னு என்ன மிச்சம் இருந்துச்சு, சொல்லு. வண்டியையாவது பாத்துக்கலாம்னு நெனச்சேன். இப்ப அதுலயும் உன்னைக் கொல்லப் பாத்தேன்."

மெக்கானிக் வண்டியைச் சரிசெய்து கொடுத்ததும், அவள் அவரைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டரம்மா நிதானமாகச் சோதித்தார். கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, விழித்திரை சுருங்கிப் பிய்ந்துவிட்டது என்றார். இடது கண் மங்கத் தொடங்கியபோதே வந்திருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கலாம். இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லை.

அவர் எல்லாவற்றுக்கும் "சரிங்கம்மா, சரிங்கம்மா" என்றார். எழும்போது மேசைக்கு நேராகக் கும்பிட்டார். டாக்டரம்மா அதற்குள் ஜன்னல் பக்கம் போயிருந்தார்.

வண்டியில் ஏறியதும் அவர் பெல்ட்டைத் தேடினார். அவள் அதை எடுத்து மாட்டிவிட்டாள். பஜாரைத் தாண்டி வண்டி பெரிய ரோட்டில் ஏறியது.

"முன்னாடி என்ன போகுது?" என்று கேட்டார்.

"லாரி."

"என்ன லோடு?"

"மரப்பெட்டிங்க. மேல தார்ப்பாய் போட்டிருக்கு."

"கயிறு எப்படி இருக்கு?"

அவள் எட்டிப் பார்த்தாள். "ஒரு பக்கம் தளர்ந்து தொங்குது. தார்ப்பாய் பறக்குது."

"ஹார்ன் அடி. பக்கத்துல போய்ச் சொல்லு."

அவள் வேகமெடுத்து லாரிக்கு இணையாகப் போனாள். அவர் ஜன்னல் வழியாக தலையை வெளியே நீட்டி, லாரி இருந்த பக்கம் கத்தினார்: "தம்பீ! பின்னாடி கயிறு அவுந்திருக்கு! ஓரங்கட்டிக் கட்டிட்டுப் போ!"

லாரிக்காரன் கையைத் தூக்கி நன்றி காட்டினான்.

"கேட்டுச்சா அவனுக்கு?"

"கேட்டுச்சு. கை காட்டுறான்."

"நிறுத்துறானா?"

"நிறுத்துறான். எறங்குறான்."

அவர் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டு சீட்டில் சாய்ந்தார். கொஞ்ச தூரம் போனதும் அவருடைய தோள்கள் குலுங்கத் தொடங்கின. முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டு, சின்னப் பிள்ளைபோல் விம்மி விம்மி அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை.

"ஓரமா நிறுத்தவாங்க?"

"வேண்டாம். நீ ஓட்டு."

அவளுக்கும் கண் நிறைந்து ரோடு கலங்கியது. தோள்பட்டையால் துடைத்துக்கொண்டே ஓட்டினாள்.

"இப்ப என்ன போகுது?" என்று அவர் கைகளுக்குள்ளிருந்தே கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க" என்றாள் அவள். "ரோடு காலியா இருக்கு."