6174-க்கு அடங்காத கார்

பாண்டி பஜாரில் கணேசமூர்த்தியின் ஜவுளிக்கடையிலேயே பெண் பார்ப்பது என்று ஏற்பாடு. மாப்பிள்ளை வீட்டார் வேட்டி எடுக்க வந்த மாதிரி வருவார்கள்; பெண் துணி மடிக்கிற மாதிரி நிற்பாள். பிடிக்காவிட்டால் ஒரு வேட்டியோடு போய்விடலாம், யாருக்கும் தலைகுனிவில்லை.

"ஏலே ரகு, அங்க வந்து எண்ணு கிண்ணுன்னு வாயத் தொறந்தே, இனிமே ஒனக்குப் பொண்ணு தேட மாட்டேன், ஆமா!" என்று அடையாற்றில் பஸ் ஏறும்போதே முத்துலட்சுமி மகனை மிரட்டியிருந்தாள். அவள் பயத்தில் நியாயம் உண்டு. கல்லூரியில் கணக்கு நடத்தும் ரகுபதிக்கு, யார் தப்பாகச் சொன்னாலும் திருத்தாவிட்டால் சோறு இறங்காது. கிண்டியில் ஒரு பெண் வீட்டில், அவர்கள் கும்பிடாத குறையாக நம்பியிருந்த ஒன்பதாம் நம்பரின் ராசியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் காட்டிவிட்டு வந்த மகானுபாவன் அவன். அந்தச் சம்பந்தம் அன்றே முறிந்தது.

கணேசமூர்த்தியின் மகள் சுந்தரவல்லியைப் பார்த்ததும் ரகுபதிக்குப் பிடித்துப்போயிற்று. புடவைகளை அவள் மடித்த வேகத்தில் ஒரு முனைகூடப் பிசகவில்லை. இவளைக் கட்டிக்கொண்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று தோன்றியது.

"தம்பி காலேஜ்ல என்ன ஆராய்ச்சி பண்றீங்க?" என்று கணேசமூர்த்தி கேட்டுத் தொலைத்தார்.

முத்துலட்சுமி இருமினாள்.

"6174" என்றான் ரகுபதி. அவனால் முடியவில்லை, பாவம். "ஏதாவது நாலு இலக்க நம்பர் சொல்லுங்க."

"3524."

துணியில் கோடு போடும் சாக்பீஸை எடுத்துக் கண்ணாடி மேஜையில் எழுதினான். இலக்கங்களைப் பெரிசிலிருந்து சிறிசாக அடுக்கினால் 5432. திருப்பி அடுக்கினால் 2345. கழித்தால் 3087. அதையும் அதே மாதிரி அடுக்கிக் கழித்தால் 8352. இன்னொரு தரம் செய்தால் 6174.

"இனிமே எத்தனை தரம் பண்ணினாலும் 6174தான். எந்த நம்பரா இருந்தாலும் சுத்திச் சுத்தி இங்கதான் வந்து விழும்!"

கணேசமூர்த்தி வேறொரு நம்பர் கொடுத்தார். அதுவும் விழுந்தது. மனிதருக்கு உற்சாகம் தாங்கவில்லை. வாசலில் நின்ற தன் அம்பாசிடரின் நம்பர் பலகையைக் காட்டினார். நடையாய் நடந்து, யார் யாரையோ பிடித்து வாங்கிய நம்பர் அது.

"நம்ம ராசி நம்பரப் போடுங்க, தம்பி. 7777."

ரகுபதிக்கு அப்போதுதான் உறைத்தது. நாலும் ஒரே இலக்கமாக இருக்கக் கூடாது என்ற நிபந்தனையை, பெண்ணைப் பார்த்த மயக்கத்தில் சொல்ல மறந்திருந்தான். எப்படி அடுக்கினாலும் 7777தானே? கழித்தான்.

"சைபரா?" கணேசமூர்த்தியின் முகம் செத்துப்போனது. "நல்ல காரியம் பேசுற நேரத்துல நம்ம நம்பர் சைபரா?"

முத்துலட்சுமி பையை எடுத்துக்கொண்டு எழுந்தேவிட்டாள்.

"அப்பா," என்றாள் சுந்தரவல்லி, மடிப்பதை நிறுத்தாமல். "மத்த நம்பரெல்லாம் சொன்ன பேச்சக் கேட்டு 6174கிட்ட போய் நிக்குது. நம்ம நம்பர் மட்டும் போக மாட்டேன்னுட்டுது. யாருக்கும் அடங்காத நம்பர்ப்பா."

கணேசமூர்த்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட! மெட்ராசுலயே நம்ம வண்டி ஒண்ணுதான் அப்படியா, தம்பி?"

1111, 2222, 3333 என்று வரிசையாக மற்ற எட்டும் ரகுபதியின் தொண்டைக்கு வந்துவிட்டன. வாயைத் திறந்தான். சுந்தரவல்லி முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தாள்.

"ஆமாம், மாமா."

தெரிந்தே அவன் சொன்ன முதல் தப்பு விடை. வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. முத்துலட்சுமி மறுபடி உட்கார்ந்து, ஜாதகத்தை எடுத்தாள்.

வேட்டியைக் கட்டிக் கொடுக்கும்போது சுந்தரவல்லி குரலைத் தாழ்த்தினாள்.

"பாக்கி எட்டும் தொண்டையிலேயே நிக்குதா? பொறுத்துக்குங்க. கல்யாணத்துக்கு அப்புறம் ஒண்ணொண்ணா அப்பாகிட்ட சொல்லிக்கலாம்."

ரகுபதி இன்னொரு வேட்டியும் எடுத்துக்கொள்வதாகச் சொன்னான்.